ஹட்டனில் ஓடிய ஈ.சி.ஜி. பெட்டி லயத்தில் ஏன் ஓடவில்லை

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில், என் ரிப்பேர் கடையின் பின் அறையில் அந்த ஈ.சி.ஜி. பெட்டி, அதாவது இதயத்தின் மின்சைகையைக் கோடாகக் காட்டும் பெட்டி, மூன்று வாரம் குறையில்லாமல் ஓடியது. என் கையில், மாணவர்கள் கையில், பக்கத்து பேக்கரி அண்ணன் கையில் என்று யார் கையில் ஒட்டினாலும் திரையில் இதயத் துடிப்பு கூர் கூராக எழும்பி வந்தது. பிறகு அதை மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கும் வரிசை வீடுகளுக்கு, கொண்டு போனோம். அங்கே துடிப்பைக் காணோம். திரையில் மேலிருந்து கீழ் வரை ஒரே தடித்த பட்டை. அதே பெட்டி, அதே வயர், அதே லெப்டொப். இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்தத் துடிப்பு எங்கே போனது, அதை எப்படித் தேடிப் பிடித்தோம் என்பதுதான் இந்த ஆய்வு. அதற்காக நான்கு தடவை பஸ் ஏறிப் போய் வந்தோம். முதல் தடவை நான் சந்தேகப்பட்டது எதுவுமே காரணமாக இருக்கவில்லை. உடம்பிலிருந்து மின்சைகை எடுக்கும் கருவி கட்ட ஆசைப்படுகிற பிள்ளைகள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். சர்க்யூட் படம் அவர்களுக்கு எங்கும் கிடைக்கும். படத்தில் இல்லாத விஷயங்களைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பெட்டியைக் கட்டியவர்கள் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் இரண்டு பேர். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு. மாணவிக்கு ஊர் மஸ்கெலியாப் பக்கம், மாணவனுக்கு டிக்கோயா. செயற்றிட்டத்துக்கு என்ன எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவள்தான் தன் அம்மாயியை (பாட்டியை) நினைத்துக் கேட்டாள்.

"சேர், அம்மாயிக்கு ஆஸ்பத்திரியில வயர் ஒட்டி ஒரு பேப்பர் எடுத்தாங்க. அது மாதிரி நாம ஒன்னு செய்ய ஏலாதா?"

ஏலும் என்றேன். ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். இது நாம் படிப்பதற்கான பெட்டி, நோய் பார்ப்பதற்கு இல்லை. இதில் வருகிற கோட்டை வைத்து யாருக்கும் நல்லது கெட்டது சொல்லக் கூடாது. மனுசர் உடம்பில் ஒட்டுகிற எதுவும் சுவர் பிளக்கோடு எந்த வழியாகவும் தொடுப்பில் இருக்கக் கூடாது. இரண்டு பேரும் அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள்.

எதை எதிலிருந்து பிரிக்கிறோம்

இதயம் சுருங்கும்போது கையிலும் காலிலும் நாம் பிடிக்கக்கூடிய மின்னழுத்தம் ஏறக்குறைய 1 மில்லிவோல்ட். ஒரு டோர்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டை ஆயிரத்து ஐந்நூறு பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. மூளையின் சைகை இதைவிடச் சிறியது. தலைத் தோலில் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரைதான் கிடைக்கும்.

இந்த 1 மில்லிவோல்ட் வந்து சேரும் அதே தோலில் வீட்டுக் கரண்டும் வந்து உட்காருகிறது. சுவரில் ஓடும் 230 வோல்ட் வயருக்கும் நம் உடம்புக்கும் இடையில் காற்று இருந்தாலும், இரண்டும் சேர்ந்து ஒரு சின்னக் கொள்ளளவி (கெப்பாசிட்டர்) போல நடந்துகொள்கின்றன. அதன் அளவு 3 பிக்கோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டால், செக்கனுக்கு 50 தடவை திசை மாறும் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸில் சுமார் 0.2 மைக்ரோ ஆம்பியர் எந்நேரமும் உடம்புக்குள் ஏறிக்கொண்டிருக்கும். நமக்கு ஒன்றும் தெரியாது, சைகையைப் பெருக்கும் விரியலாக்கிக்கு (அம்ப்ளிஃபயருக்கு) தெரியும். தோலில் ஒட்டும் உலோகப் பொட்டுக்கு மின்வாய் என்று பெயர்; காலில் ஒட்டும் பொது மின்வாய் (பூமி மின்வாய்) 50 கிலோ ஓம் தடையோடு ஒட்டியிருந்தால் அந்தச் சின்ன ஓட்டமே உடம்பை 10 மில்லிவோல்ட் தூக்கிவிடுகிறது. நாம் தேடும் சைகையைப் போல பத்து மடங்கு.

அந்த 50 ஹெர்ட்ஸ் நமக்கு வேற்று ஆள் இல்லை. மஸ்கெலியாவுக்குப் போகும் வழியெல்லாம் நீர்த்தேக்கங்கள்தான். லக்சபான மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். இந்த மலைத் தண்ணீரில் பிறந்த கரண்ட் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்து பல வருசம் கழித்துத்தான் இதே மலையின் லயங்களில் பல்பு எரிந்தது. மாணவி முதல் முதலாகத் திரையில் 50 ஹெர்ட்ஸ் அலையைப் பார்த்தபோது இதை அவளுக்குச் சொன்னேன்.

இன்னொரு எதிராளி மின்வாய்தான். ஜெல்லும் உலோகமும் தோலும் சேர்கிற இடமே ஒரு குட்டி பேட்டரி. இரண்டு மின்வாயும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். வெள்ளி, வெள்ளிக் குளோரைட்டு வகைக்கு எல்லோரும் போவது இதற்காகத்தான். அப்படியும் மருத்துவக் கருவிகளுக்கான தரநிலைகள் 300 மில்லிவோல்ட் வரை வித்தியாசம் வந்தாலும் கருவி தாங்க வேண்டும் என்று கேட்கின்றன. தேடுவது 1 மில்லிவோல்ட், அதன் தலைக்கு மேல் 300 மில்லிவோல்ட் நேரோட்டச் (டி.சி.) சுமை.

பெட்டியின் உள்ளே

முன்னால் ஏடி620 என்ற விரியலாக்கி ஐசி. இரண்டு உள்ளீட்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை மட்டும் பெருக்கும், இரண்டிலும் பொதுவாக வருவதைத் தள்ளிவிடும். எத்தனை மடங்கு என்பதை ஒரே தடையி (ரெசிஸ்டர்) முடிவு செய்கிறது: 49.4 கிலோ ஓமை அதன் பெறுமானத்தால் வகுத்து ஒன்று கூட்ட வேண்டும். மாணவன் முதலில் 1 கிலோ ஓம் போட்டு 50 மடங்கு வைத்தான். எவ்வளவு கூடப் பெருக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று அவன் நினைப்பு. ஒரு நாள் புது மின்வாய் ஒன்றும், போன மாதம் பிரித்த பக்கெட்டில் காய்ந்து கிடந்தது ஒன்றும் கலந்து ஒட்டிவிட்டான். கோடு மேலே போய் ஒட்டிக்கொண்டது, இறங்கவே இல்லை. அளந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிவோல்ட். ஐம்பதால் பெருக்கினால் 7.5 வோல்ட். அரைவாசி தீர்ந்த 9 வோல்ட் பேட்டரியில் அதற்கு மேல் போக இடமில்லை. 3.9 கிலோ ஓம் இரண்டைத் தொடராகப் போட்டு 7.3 மடங்குக்கு இறக்கினோம். இப்போது 300 மில்லிவோல்ட் வந்தாலும் 2.2 வோல்ட்தான்.

அதற்குப் பிறகு 1 மைக்ரோ ஃபாரட் பிலிம் கொள்ளளவியும் 3.3 மெகா ஓமும். நேரோட்டத்தை நிறுத்திவிட்டு 0.05 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை விடும். இதை 0.5 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் கோடு ஆடாமல் அழகாக நிற்கும். ஆனால் துடிப்புக்குப் பின்னால் வருகிற எஸ்.டி. பகுதி வளைந்து போகும். டொக்டர்மார் கவனித்துப் பார்க்கிற இடமே அதுதான், ஆகவே அழகுக்காக அதைக் கெடுக்க நான் விடவில்லை. பிறகு 136 மடங்கு, மொத்தம் ஆயிரம். 150 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டு. ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை அதை செக்கனுக்கு 500 தடவை வாசிக்கிறது. அதன் 10 பிட்டில் ஒரு படி 4.9 மில்லிவோல்ட், தோலில் கணக்குப் பார்த்தால் 4.9 மைக்ரோவோல்ட். படிப்புக்கு இது போதும்.

பாதுகாப்புக்கு நேரம் எடுத்தோம். உடம்பின் பொது மின்னழுத்தத்தை எடுத்துத் தலைகீழாக்கி வலது காலுக்கே திருப்பிக் கொடுக்கும் சுற்று ஒன்று உண்டு. உடம்பு ஏறினால் இது இறக்கும், இறங்கினால் ஏற்றும். அந்த வழியில் 1 மெகா ஓம் போட்டோம். ஐசி எரிந்து 9 வோல்ட்டும் அப்படியே காலுக்கு வந்தாலும் 9 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போகாது. கை இரண்டுக்கும் 220 கிலோ ஓம் வீதம். அங்கே ஐசி பழுதானாலும் 41 மைக்ரோ ஆம்பியர்தான். இதயத்தோடு நேரடியாகத் தொடுக்கும் கருவிகளுக்கான சர்வதேச எல்லையே சாதாரண நிலையில் 10, ஒரு பழுது வந்த நிலையில் 50 மைக்ரோ ஆம்பியர். நாங்கள் தோலுக்கு மேலேதான் ஒட்டுகிறோம் என்றாலும் அந்தக் கடுமையான எல்லையையே வைத்துக்கொண்டோம்.

லெப்டொப்புக்கு யூ.எஸ்.பி. வயர் போடவில்லை, புளூடூத்தான். பூமித் தொடுப்பு சரியில்லாத வீட்டில் சார்ஜரில் போட்ட லெப்டொப்பின் உலோக ஓரத்தைப் புறங்கையால் தடவிப் பாருங்கள், கரண்ட் ஊறுகிற மாதிரி இருக்கும். சார்ஜருக்குள் இருக்கும் கொள்ளளவி வழியாகக் கசிகிற ஓட்டம் அது. பாறை நிலத்தில் பூமிக் கம்பி சரியாக இறங்காத வீடுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அந்த ஊறல் யூ.எஸ்.பி. வழியாக ஒருவரின் நெஞ்சுக்குப் போக இடம் வைக்கவே கூடாது.

முதல் பயணம்

சனிக்கிழமை பின்னேரம். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பாய் விரித்து அம்மாயியை உட்கார வைத்தார்கள். மின்வாய் ஒட்டியதும் நான் மேலே சொன்ன பட்டை வந்தது.

முதல் சந்தேகம் லெப்டொப் சார்ஜர். பிடுங்கினோம், மாற்றமில்லை. இரண்டாவது, வீட்டு வயரிங். மெயின் சுவிட்சை இறக்கினோம். பட்டை கொஞ்சம் மெலிந்தது, போகவில்லை. லயத்தில் அது போகவும் போகாது. நம் வீட்டுச் சுவர்தான் பக்கத்துக் காம்பராவுக்கும் சுவர், பின்பக்கக் காம்பராவுக்கும் சுவர். நாம் நிறுத்தினாலும் சுவரின் மறுபக்கத்தில் அவர்களுடைய வயர் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது, பஸ்ஸில் ஆடி ஏதாவது சோல்டர் விட்டிருக்குமோ என்று நினைத்தேன். மூன்று வயர் நுனியையும் ஒன்றாகக் கவ்விப் பார்த்தோம். கோடு தட்டையாக நின்றது. பெட்டி நலமாக இருந்தது.

மாணவன் நாட்ச் பில்டர் போடலாம் என்றான். 50 ஹெர்ட்ஸை மட்டும் குறிவைத்து வெட்டுகிற வடிகட்டி. நான் விடவில்லை. இதயத் துடிப்பின் கூர்முனையிலும் 50 ஹெர்ட்ஸ் பக்கத்து அலைகள் இருக்கின்றன. கூர்மையான நாட்ச் போட்டால் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் மணி அடித்து ஓய்கிற மாதிரிச் சின்ன அலைகள் முளைக்கும். இல்லாத அலையைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். அதோடு, அழுக்கு எந்த வாசல் வழியாக வருகிறது என்று தெரியாமல் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு விருப்பமில்லை.

கிளம்புகிற நேரத்தில் மாணவி தன் கையிலேயே மின்வாயை ஒட்டிப் பார்த்தாள். துடிப்பு வந்தது. அதே பாய், அதே சுவர், அதே பின்னேரம். அவள் கையில் வருகிறது, அம்மாயி கையில் வரவில்லை. இடம் மாத்திரம் மாறவில்லை, ஆளும் மாறியிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது பயணம்: தோலை அளந்தது

மல்டிமீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்து மின்வாயை அளக்கக் கூடாது. நேரோட்டம் போனால் மின்வாய் தன் குணத்தையே மாற்றிக்கொள்ளும், வருகிற எண் பொய்யாக இருக்கும். ஆகவே பேட்டரியில் ஓடும் 20 ஹெர்ட்ஸ் அலையாக்கி ஒன்று கட்டினோம். 1 வோல்ட்டை 1 மெகா ஓம் வழியாக அனுப்பினால் 1 மைக்ரோ ஆம்பியர். அதை இடது கை வழியாக உள்ளே விட்டுக் கால் வழியாக வெளியே எடுத்துவிட்டு, இடது கைக்கும் வலது கைக்கும் நடுவில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வலது கையில் ஓட்டம் இல்லாததால் அது வெறும் சாட்சி. தெரிவது இடது கை மின்வாயின் தடை மட்டும். பிறகு கையை மாற்ற வேண்டும். 1 மைக்ரோ ஆம்பியருக்கு எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை கிலோ ஓம். கணக்கே தேவையில்லை.

அம்மாயியின் இடது மணிக்கட்டு 12. வலது மணிக்கட்டு 60.

இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் கிடக்கும் 48 கிலோ ஓம்தான் அந்தப் பட்டையின் தாய். சுவர் வயரிலிருந்து உடம்புக்கு ஓட்டம் ஏறுவது போல நாம் இழுத்திருக்கும் மின்வாய் வயர்களுக்குள்ளும் ஏறுகிறது. மிகச் சின்னது, சில நானோ ஆம்பியர். ஆனால் அது உடம்புக்குள் இறங்க ஒவ்வொரு மின்வாயையும் தாண்ட வேண்டும். இரண்டு கையிலும் ஒரே தடை என்றால் இரண்டிலும் ஒரே மின்னழுத்தம் எழும், ஐசி அதைத் தள்ளிவிடும். 48 கிலோ ஓம் வித்தியாசம் இருந்தால் 5 நானோ ஆம்பியரே 0.24 மில்லிவோல்ட்டைப் போட்டுவிடும். அது இரண்டு உள்ளீட்டுக்கும் பொது இல்லை, வித்தியாசம். ஐசிக்கு அது இதயமா சுவரா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒழுங்காக ஆயிரம் மடங்கு பெருக்கிக் கொடுக்கும். லயத்தில் சுவர் நெருக்கம், வயர் நெருக்கம், ஆகவே அந்த நானோ ஆம்பியரும் கடையில் இருந்ததைவிடப் பெரியது.

சரி, ஒரே ஆளின் இரண்டு கையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? அம்மாயியின் கையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்த கை. விரல் இடுக்கிலும் உள்ளங்கை ரேகையிலும் தேயிலைக் கறை கறுப்பாக ஊறி நின்றது. மலைக்குப் போவதை நிறுத்தி வருசங்கள் ஆகியும் அது போகவில்லை. தோல் தடித்திருந்தது, குளிருக்கு மணிக்கட்டில் பொரிப் பொரியாக வெடித்திருந்தது. அது இரண்டு கையிலும்தான். பிறகு வலது மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்த மாணவி விரலை மோந்து பார்த்தாள்.

"அம்மாயி, தைலம் பூசினீங்களா?"

"வலிக்குது புள்ள. காலையிலேயே பூசிட்டேன். அன்னைக்கும் பூசினேனே."

எண்ணெய்ப் படலம். ஜெல்லுக்கும் தோலுக்கும் நடுவில் அதைவிட நல்ல காப்பு வேண்டுமா? வெந்நீரில் சவர்க்காரம் போட்டுத் துடைத்தோம். காய்ந்த பிறகு முரட்டுத் துணியால் தோல் இலேசாகச் சிவக்கும் வரை தேய்த்தோம், வெடிப்பு இருந்த இடத்தை விட்டுவிட்டு. புது மின்வாய் ஒட்டி இரண்டு நிமிசம் விட்டோம், ஜெல் ஊறுவதற்கு. திரும்ப அளந்தால் இடது 8, வலது 11. வித்தியாசம் 3 கிலோ ஓம். அதே 5 நானோ ஆம்பியர் இப்போது 15 மைக்ரோவோல்ட்தான் போடும், எங்கள் ஆர்டுயினோவுக்கு மூன்று படி.

பட்டை விலகி நடுவில் கோடு தெரிந்தது. அதில் அம்மாயியின் துடிப்பு.

ஈ.சி.ஜி.க்கு வழி திறந்த எய்ந்தோவன் 1903இல் தன் கல்வனோமானியை (மின்னோட்டத்தை அளக்கும் கருவியை) விவரித்து எழுதியபோது அவரிடம் விரியலாக்கியே இல்லை. நெதர்லாந்தின் லெய்டனில், காந்தத்துக்கு நடுவில் தொங்கும் வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைத்தான் இதயத்தின் ஓட்டமே அசைக்க வேண்டியிருந்தது. அவர் ஆளை உட்கார வைத்து இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் விட்டார். படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பழங்காலத்து வேலை என்று கடந்து போயிருக்கிறேன். அம்மாயியின் வலது கை 60 காட்டிய அன்றைக்குத்தான் அந்த வாளியின் அருமை புரிந்தது. முழங்கை வரைக்கும் உப்புத் தண்ணீர் தொட்டால் தோல் எப்படி இருந்தாலும் தடை இறங்கிவிடும். 1924இல் நோபல் பரிசு வாங்கிய மனிதர் தோலுக்குக் கொடுத்த மரியாதையை நாங்கள் கொடுக்கத் தவறியிருந்தோம். ஐசி மலிவாகக் கிடைப்பதால் வந்த அசட்டை என்றுதான் அதை நினைக்கிறேன்.

திரையில் கோடு ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மாயி கேட்டார்: "எல்லாம் நல்லா இருக்கா தம்பி?"

அவர் முகத்தைப் பார்த்துச் சும்மா நல்லா இருக்கு என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. "அத சொல்ற பெட்டி இது இல்லம்மா. இதுக்கு ஓடுதா நிக்குதான்னு மட்டும்தான் தெரியும். அடுத்த கிளினிக்க மட்டும் விட்றாதீங்க" என்றேன். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு கோணத்தில் பார்ப்பதை நாங்கள் ஒரே கோணத்தில் பார்க்கிறோம். ஜன்னல் ஒன்றை மட்டும் திறந்து வீடு முழுக்கச் சுத்தம் என்று சொல்ல முடியாது. மாணவி அன்றைக்கே கிளினிக் கார்டை எடுத்துத் திகதியைப் பார்த்து வைத்தாள்.

மூன்றாவது பயணம்: குளிர்

இது சுருக்கமானது. காலை ஆறு மணிக்குப் போனோம், டியூசனுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று. தடைகள் 9, 10 என்று அருமையாக இருந்தன. ஆனாலும் கோட்டின் மேல் பஞ்சு ஒட்டிய மாதிரி நெளிவு. பெரிதாக்கிப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸின் ஒழுங்கு அதில் இல்லை, கண்டபடி குதித்தது. அம்மாயி நடுங்கிக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத நடுக்கம், கம்பளிக்குள்ளே தோள் தசை இறுகி நின்றது. தசையின் சைகை சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே பல நூறு வரைக்கும் பரவியிருக்கும். இதயத்தின் கூர்முனையும் அதற்குள்ளேதான் இருக்கிறது. எந்த வடிகட்டியாலும் இரண்டையும் சுத்தமாகப் பிரிக்க முடியாது.

தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்து, கையை மடியில் தளர வைத்து, கம்பளிக்குள் பத்து நிமிசம் இருந்தார். நெளிவு அடங்கியது. மின்வாயையும் மணிக்கட்டிலிருந்து மேல்கைக்கு ஏற்றினோம். கை முழுக்க ஒரு வயர் மாதிரிதான், மணிக்கட்டில் எடுத்தாலும் மேல்கையில் எடுத்தாலும் இதயத்தின் சைகை கிட்டத்தட்ட ஒன்றே. தோளைத் தாண்டி நெஞ்சுக்குப் போனால்தான் வடிவம் மாறத் தொடங்கும். மேல்கைத் தோல் மெல்லியது, கறையும் இல்லை, விரல் அசைவும் அங்கே எட்டாது. முதலிலேயே அங்கே ஒட்டியிருக்கலாம்.

நான்காவது பயணம்: மூச்சு

இதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. பின்னேரம் நாலரைக்கு எல்லாம் சரியாக ஓடியது. ஐந்தரைக்கு மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து மிஸ்ட் (பனிமூட்டம்) ஏறி வந்து இஸ்தோப்பை மூடியது. ஆறு மணிக்குக் கோடு அலையத் தொடங்கியது. மெதுவாக மேலே போகும், பிறகு கீழே இறங்கும், சில நேரம் ஒரேயடியாகப் பாய்ந்து மறையும். தடையை அளந்தோம், மாறவில்லை. புது பேட்டரி போட்டோம், மாறவில்லை. அம்மாயி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மூடியைத் திறந்தோம். எழுத்து சிறியது என்பதால் மாணவி ஐசி பக்கத்தில் முகத்தைக் கொண்டு போய் எதையோ வாசித்தாள். அவள் மூச்சு விட்டதும் கோடு பாய்ந்தது.

"இன்னொரு தடவ ஊது" என்றேன்.

ஊதினாள். திரும்பவும் பாய்ந்தது. மாணவன் பலகையின் மறு ஓரத்தில் ஊதினான், ஒன்றும் ஆகவில்லை. ஏடி620இன் மூன்றாம் காலுக்கு நேரே ஊதினால் மட்டும்தான்.

மூன்றாம் கால் ஒரு உள்ளீடு. அதற்கு அடுத்த நான்காம் கால் மைனஸ் 9 வோல்ட். நடுவில் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். பலகையைத் திருப்பி டோர்ச் அடித்துப் பார்த்தால் அந்த இடைவெளியில் சோல்டரிங் பேஸ்ட் தேன் நிறத்தில் படர்ந்திருந்தது. காய்ந்திருக்கும்போது அது காப்பு மாதிரி நடிக்கும். ஈரத்தை உறிஞ்சினால் கடத்தும். அந்த வழியின் தடை 100 மெகா ஓமுக்கு இறங்கினாலே 90 நானோ ஆம்பியர் உள்ளீட்டுக்குள் கசியும். எங்கள் 220 கிலோ ஓமில் அது 20 மில்லிவோல்ட், இதயத்தைப் போல இருபது மடங்கு. ஈரம் நிலையாக இருந்தால் கொள்ளளவி அதை நிறுத்திவிடும். மிஸ்ட் நிலையாக இருப்பதில்லையே, வந்து வந்து போகும்.

ஹட்டனும் சுமார் 1270 மீட்டர் உயரம்தான், மிஸ்ட் அங்கேயும் உண்டு. ஆனால் என் பின் அறையில் எந்நேரமும் சோல்டரிங் அயனும் 100 வாட் பல்பும் எரியும். பலகை ஒரு நாளும் ஈரம் கண்டதில்லை. பேஸ்டைக் கழுவச் சொல்லித் தராதது என் தவறு. ரேடியோவும் டிவியும் ரிப்பேர் செய்கிறவனுக்கு 100 மெகா ஓம் என்றால் தொடுப்பே இல்லை என்றுதான் கணக்கு. உடம்புச் சைகைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை பழக்கத்தில் போய்விட்டது.

கடைக்குத் திரும்பிப் பலகையைப் புதிதாகவே அடித்தோம். மூன்றாம் காலுக்கும் நான்காம் காலுக்கும் நடுவில் மெல்லிய செப்புக் கோடு ஒன்றை வளைத்துவிட்டு, அதை உடம்பின் பொது மின்னழுத்தத்தோடு இணைத்தோம். கசிவு வந்தாலும் இப்போது அந்தக் கோட்டில் போய் விழும், உள்ளீட்டைத் தொடாது. ஐசோபுரோப்பைல் அல்கஹோலும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு மூன்று தடவை கழுவினோம். பல்புக்குக் கீழே ஒரு இரவு காய வைத்து, இரண்டு பக்கமும் அக்ரிலிக் லெக்கர் அடித்தோம். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் உள்ளே போனது.

சோதித்துப் பார்க்கக் குளியலறையில் வெந்நீர் வாளி வைத்துக் கதவை மூடினோம். கண்ணாடியில் தண்ணீர் வழிகிற ஈரத்தில் பெட்டி ஒரு மணித்தியாலம் ஓடியது. உடம்புக்குப் பதிலாக இரண்டு உள்ளீட்டிலும் 10 கிலோ ஓம் தடையி வைத்திருந்தோம். கோடு அசையவில்லை. மூடியைத் திறந்து மாணவி மூன்றாம் காலுக்கு நேரே நன்றாக இழுத்து ஊதினாள். அப்போதும் அசையவில்லை.

இன்னும் கிடப்பது

மின்வாய்ப் பக்கெட் பிரித்தால் ஜெல் காயத் தொடங்கிவிடுகிறது. இறுக்கி மடித்து டப்பாவில் வைத்தும் சில வாரத்தில் தடை ஏறுகிறது. ஐம்பது உள்ள பக்கெட்டை இரண்டு பிள்ளைகள் காய்வதற்கு முன் முடிக்க மாட்டார்கள். இப்போது வகுப்பில் எல்லோருக்குமாகப் பங்கு போடுகிறோம்.

தேயிலை ஸ்டோருக்கு (ஃபெக்டரிக்கு) பக்கத்து லயத்தில் ஒரு தடவை எடுத்தபோது, வாட்டும் தட்டுகளின் பெரிய காற்றாடிகள் ஓடுகிற நேரத்தில் கோட்டில் கூரான கீறல்கள் விழுந்தன. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வர்ட்டரிலிருந்து வரும் உயர் அதிர்வெண் உள்ளீட்டில் நேரோட்டமாகத் திரும்புகிறது என்று சந்தேகப்படுகிறேன். இரண்டு உள்ளீட்டுக்கும் 47 பிக்கோ ஃபாரட் கொள்ளளவி வீதம் வைத்திருக்கிறோம், இரண்டும் ஒன்றுபோல இருக்க மீட்டரில் பொறுக்கி எடுத்து. காற்றாடி ஓடுகிற நாள் பார்த்து இன்னும் போகவில்லை.

மாணவியின் கொப்பியில் இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் மேலே ஒரு வரி இருக்கிறது. திகதி, ஆள், இடது எத்தனை, வலது எத்தனை, குளிரா, தைலம் பூசியிருந்ததா. இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 5 கிலோ ஓமுக்கு மேல் இருந்தால் அவள் பெட்டியைப் போடுவதே இல்லை. முதலில் வெந்நீர் வைக்கச் சொல்கிறாள்.